கை தூக்கியவர்

என் அம்மாவின் தம்பி பள்ளி வேன் ஓட்டினார். எனக்கு மட்டுமல்ல, வேனில் ஏறும் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் மாமாதான். ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்த அன்று வேன் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. இடுப்பளவுத் தண்ணீரில் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோளில் சுமந்து கரை சேர்த்தார். ஒரு பிள்ளையின் செருப்புகூடத் தொலையவில்லை என்று அம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

அதற்குப் பிறகு பாலம் வருவதற்கு முன்னால் வேனை ஓரங்கட்டுவார். திரும்பித் தலைகளை எண்ணுவார். அப்புறம்தான் கியர் போடுவார்.

"மாமா, எல்லாரும் இருக்கோம், போலாம்" என்று பிள்ளைகளே குரல் கொடுப்பார்கள். அதில் என் தங்கையின் குரல்தான் பெரிதாக இருக்கும்.

வெள்ளம் வடிந்து சில மாதங்களில் பள்ளி மண்டபத்தில் பெற்றோருக்கும் வேன் டிரைவர்களுக்கும் மனநலக் கூட்டம் நடந்தது. பயம் வருவது இயல்பு, மறைக்க வேண்டாம், இன்னும் பயப்படுகிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் டாக்டரம்மா. வெள்ளத்துக்குப் பிறகு அரிசி மூட்டையைக் கட்டிலில் கிடத்திவிட்டுத் தான் தரையில் படுக்கும் என் அம்மா, கைகளை மடியில் பூட்டிக்கொண்டாள். வரிசை வரிசையாக எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். மாமா மட்டும் கை தூக்கினார்.

"பாலத்துக்கிட்ட வந்தா கை நடுங்குது டாக்டர். பின்னால ஒரு பிள்ளை குறையற மாதிரியே இருக்கு. எண்ணிப் பாத்தாத்தான் ஓட்ட முடியுது."

டாக்டரம்மா அவரைப் பாராட்டி, மருத்துவமனைக்கு வரச் சொன்னார். மண்டபமே கைதட்டியது. அம்மாவும் தட்டினாள்.

மறுநாள் வேனில் பாதி இருக்கை காலி.

"தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க தங்கமான ஆளு. புள்ளைங்க விஷயம் பாருங்க" என்றார் ஒரு அப்பா. மெக்கானிக் நேராகவே கேட்டார்: "வண்டிக்குத் தகுதிச் சான்று வாங்கியாச்சு. டிரைவருக்கு எப்ப?"

அந்த வாரமே அம்மாவும் தங்கையை வேனிலிருந்து நிறுத்தினாள்.

"உன் தம்பிம்மா அவரு" என்றேன்.

"அதுக்காக? மூளை கலங்கினவன் கையில பெத்த புள்ளையக் குடுக்கவா?"

"நீயும்தான் மூட்டையக் கட்டில்ல தூங்க வைக்கிறே."

"நான் வேனா ஓட்டறேன்? காலேஜ்ல பட்டத்தோட வாயும் சேர்த்துக் குடுத்துட்டாங்க போல."

நடுங்கும் கையை நம்பிப் பிள்ளையை அனுப்பலாமா என்று அவள் திருப்பிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? இன்றுவரை தெரியவில்லை.

முதலாளி வேனை ஒரு இளைஞனிடம் கொடுத்தார். அவன் செல்போனைக் காதில் இடுக்கியபடியே பாலத்தைக் கடப்பான். தைரியமான பையன் என்றார்கள். மாமா நாற்காலி வாடகைக்கு விடும் கடையில் லோடு வண்டி ஓட்டப் போனார். மருத்துவமனை வாசல்வரை போய்த் திரும்பிவிட்டார்.

"யாராவது பாத்தா இந்த வேலையும் போயிடும்டா."

அடுத்த வருடமும் அதே கூட்டம். நாற்காலிகளை இறக்கியது மாமாவும் நானும்தான். டாக்டரம்மா அதே கேள்வியைக் கேட்டார். ஒரு கையும் எழவில்லை. கடைசியில் நின்ற மாமாவை அவர் அடையாளம் கண்டுகொண்டார்.

"ஐயா, இப்ப எப்படி இருக்கீங்க?"

"எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். அன்னைக்கு ஏதோ உளறிட்டேன்."

போன வருடத்தைவிடப் பலமாகக் கைதட்டினார்கள்.

"பாத்தியா, சரியாயிட்டான்" என்றாள் அம்மா என் காதில்.

பள்ளி விடும் நேரத்தில் நாற்காலிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். பாலத்துக்கு முன்னால் மாமா வண்டியை ஓரங்கட்டினார். திரும்பிப் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தார். அடுக்கிய நாற்காலிகள். அவர் உதடுகள் அசைந்தன.

பக்கத்தில் பள்ளி வேன் வந்து வேகம் குறைந்தது.

"என்ன மாமா, நாற்காலி எதுவும் குதிச்சிடுச்சா?" என்றான் புது டிரைவர்.

வேன் முழுக்கச் சிரிப்பு. அதிலும் என் தங்கையின் குரல்தான் பெரிதாக இருந்தது. மாமா முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்.