வஞ்சிரம் வாங்காத டாக்டர்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் டாக்டர், நைனா, நான். அம்மா இல்லை, காசிமேட்டில் மீன் கூறு போட்டுக்கொண்டிருந்தாள். நைனாவின் கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு வஞ்சிரம் இருந்தது.

எங்கள் பக்கம் ஒருவரிடம் உதவி கேட்டுப் போனால், பிடித்ததில் நல்ல மீனாக ஒன்று எடுத்துப்போவது வழக்கம். லாஞ்சு இன்ஜின் பார்ப்பவருக்கும் உண்டு, கோயில் ஃபாதருக்கும் உண்டு. நைனாவுக்குச் சர்க்கரை. கெளுத்தி முள் குத்திய இடது கால் ஆறாமலே இருந்தது.

டாக்டர் எழுதுவதிலிருந்து நிமிரவில்லை. மூக்கு மட்டும் சுருங்கியது.

"இது ஆஸ்பத்திரியா, மீன் மார்க்கெட்டா? வெளியே வெச்சிட்டு வாய்யா."

"காலைல வந்த மீனு சார். உங்களுக்குத்தான்."

"மாத்திரை போடு. தண்ணியில கால் வைக்காத. தினம் வந்து கட்டு மாத்திக்க. அடுத்த ஆள்."

அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை என்று இப்போது தெரிகிறது.

கல்மண்டபம் பஸ் ஸ்டாப்பில் நைனா அந்த மீனை நாய்க்குப் போட்டார். வஞ்சிரத்தை நாய் தின்று நான் பார்த்தது அன்றுதான். மாத்திரைகள் வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் போயின.

"டாக்டரு இன்னா சொன்னாரு?" என்றாள் அம்மா.

"கால பாக்கவே இல்ல. பாக்காத குட்த்த மாத்திர இன்னாத்த கிழிக்கும்? கடத்தண்ணி பட்டா தானா ஆறிடும்."

மறுநாளே கடலுக்குப் போனார். கால்விரல்கள் கறுத்த பிறகு, அம்மா அழுது இழுத்துப்போன வேறொரு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்து, நாறிக்கிடந்த கட்டைத் தன் கையாலேயே பிரித்தார்.

"எந்தக் கால ஊணி வலை இழுப்பீங்கண்ணே?"

"இதாம்மா."

அவர் அந்தக் காலைக் கையில் ஏந்திப் பார்த்தார். பிறகு, காலை எடுக்க வேண்டும் என்பதைச் சொன்னார். நைனா தலையாட்டினார்.

அதற்குப் பிறகு ஒரு வேளை மாத்திரைகூடத் தப்பவில்லை. அம்மா மறந்தால் அவளுக்குத் திட்டு விழும். மூன்றாம் வகுப்புப் படிப்பை வைத்து அட்டையில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் பார்த்தேன். மாதா படத்துக்குப் பின்னால் கிடந்த அதே மாத்திரைதான்.

வீடு திரும்பியதும் டாக்டரம்மாவுக்கு ஒரு வஞ்சிரம் வாங்கி அம்மாவிடம் கொடுத்தனுப்பினார். "குழம்பா, வறுவலா, எது நல்லா இருக்கும்?" என்று டாக்டரம்மா கேட்டாராம். அதை நைனா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாத்திரை கொடுத்தவரைத் திட்டுகிறார், காலை எடுத்தவரைக் கும்பிடுகிறார்; சர்க்கரை மூளைக்கு ஏறிவிட்டதோ என்று நான் பயந்தேன்.

இரண்டுமே அரசாங்க ஆஸ்பத்திரி. யாரும் ஒரு பைசா வாங்கவில்லை. ஒருவர் நிமிர்ந்து பார்க்காமல் போன அந்த ஒரு நிமிஷத்துக்கு எங்கள் வீட்டில் ஆன மொத்தச் செலவு, முழங்காலுக்குக் கீழே ஒரு கால்.