கார் பாதையோரப் பச்சை

அந்த வருஷம் தைப்பொங்கலுக்குப் பிறகு ஹட்டன் பக்கம் மழையே இல்லை. மாசி முடிவதற்குள் தேயிலை கருகத் தொடங்கியது. கொழுந்து விட வேண்டிய நுனியெல்லாம் சுருண்டு, தொட்டால் நொறுங்கியது. நான் கல்யாணமாகி அந்தத் தோட்டத்துக்கு வந்த புதிது. நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் நானும் நாத்தனாரும் போட்டிருந்த போஞ்சி கொடியிலேயே காய்ந்து சரசரத்தது. குடிதண்ணீர் பிடிக்கும் பீலிக் குழாயில் நூலாகத்தான் ஒழுகியது.

தோட்டத்தை நடத்திய பெரிய துரைக்கு இருந்த கவலையே வேறு. கொழும்பிலிருந்து கம்பெனித் துரை தோட்டத்தைப் பார்க்க வரப்போகிறாராம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், வேலை வாங்கும் கண்டாக்கையா எங்களைக் கொழுந்துக் கூடையை வைத்துவிட்டு வாளியை எடுக்கச் சொன்னார். ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்து, கார் பாதையின் இரண்டு பக்கமும் உள்ள செடிகளுக்கு ஊற்ற வேண்டும். இலையில் படிந்த புழுதியையும் கழுவ வேண்டும். காருக்குள் உட்கார்ந்தபடி பார்த்தால் தெரிகிற அளவுக்குத்தான். அதற்கு மேலே மலையே வெந்து செத்தாலும் சரி. இப்படி ஒரு யோசனை வர, சீமையில் போய்ப் படித்திருக்க வேண்டும்போல. பிள்ளையைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லாமல் தவித்த பெண்கள், நாள் முழுக்க உட்கார்ந்து தேயிலைக்கு முகம் கழுவிவிட்டோம்.

கம்பெனித் துரை வந்தார். காரை விட்டு இறங்கி, பாதையோரப் பச்சையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு என்னவோ கேட்டார். பெரிய துரையின் முகம் சிவந்துபோயிற்று. அவர்கள் இங்கிலீஷில் பேசியதைப் பிறகு காரோட்டி நானாதான் எங்களுக்குச் சொன்னார். செடி இவ்வளவு செழிப்பாக இருக்கும்போது கொழுந்து ஏன் குறைந்தது என்று கேட்டாராம். செடி காய்ந்ததைத் தானே கழுவி மறைத்துவிட்ட மனிதர் என்ன சொல்வார்? பெண்கள் சோம்பேறிகள் என்று சொல்லிவிட்டார்.

அது புரியாவிட்டாலும், எங்களைக் கைகாட்டிப் பேசியது நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் போனாள்.

"தொர, அந்த வளைவத் தாண்டி மேல ஏறிப் பாருங்க. அங்க கொழுந்து இல்லீங்க. சருகுதான் இருக்கு."

கண்டாக்கையா அதை இங்கிலீஷில் சொன்னார். கம்பெனித் துரை சிரித்து, அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுக் காரில் ஏறினார். மலையைப் பார்க்கத்தான் போகிறார் என்று நம்பி நின்றோம். கார் பங்களாப் பக்கம் திரும்பியது.

சாயங்காலம் நானாவிடம் விசாரித்தோம். "நாளையிலேர்ந்து இன்னும் நல்லா வேல செய்றோம்னு நீங்க சொன்னதாத்தானே கண்டாக்கு சொன்னாரு?" என்றார். நாத்தனார் காறித் துப்பிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எடுக்க வேண்டிய கொழுந்தின் அளவு குறையவில்லை. அதை எட்ட முடியாமல், மழை வரும்வரை எங்களுக்குப் பாதிச் சம்பளம்தான். மேல் மலையில் பாதிச் செடி பட்டுப்போனது. பெரிய துரைக்கோ டயகமப் பக்கம் இதைவிடப் பெரிய தோட்டம் கிடைத்தது. பிரியாவிடைக்கு மாலை, மேளம் எல்லாம் இருந்தன. நாங்கள் இரண்டு பேரும் போகவில்லை. பட்ட செடிகளை வெட்டிச் சுமந்துகொண்டிருந்தோம். அந்த மனிதரால் எங்களுக்குக் கிடைத்த ஒரே நன்மை, அடுப்புக்கு நல்ல காய்ந்த விறகு.