தண்ணீரிலிருந்து தூக்கியவர்

நான் வசிக்கும் பேர்கன் நகரத்தில், பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் மனிதர்கள் நின்றுகொண்டே வருவார்கள். ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் இங்கே மரியாதை. ஆனால் வியாழக்கிழமை மாலைகளில் எங்கள் வட்டார நூலகத்தில் இதே மனிதர்கள் தோள் உரச உட்கார்ந்து, செத்துப்போனவர்களைத் தேடுகிறார்கள். அதற்கு 'ஸ்லெக்ட்' என்று பெயர். வம்சம், சொந்தம் என்று நாம் சொல்வது. என்னை அங்கே அழைத்துப் போனவள் மேல்மாடியில் குடியிருக்கும் இங்ரிட். மாடிப்படியில் என்னைக் கண்டால் தலையை மட்டும் அசைப்பவள், அன்று தன் மூதாதையர் ஆடு மேய்த்த மலைச்சரிவுகளின் பெயர்களையெல்லாம் சொன்னாள். வெளியே ஓயாத மழை. கணினித் திரைகளின் வெளிச்சத்தில் நரைத்த தலைகள் குனிந்திருந்தன. ஏதோ ஒரு குளத்தின் கரையில் நின்று எல்லோரும் ஆழத்தைப் பார்ப்பது போலிருந்தது.

"உன் ஆட்கள்?" என்று கேட்டாள்.

எங்கள் கதை எனக்கு மனப்பாடம். கொச்சிக் கரையிலிருந்து அந்தோனி, பிலிப்பு என்ற அண்ணனும் தம்பியும் கத்தோலிக்க வேதக்காரர்களாகவே தோணியேறி மட்டக்களப்புக்கு வந்தார்கள். முகத்துவாரத்தில் தோணி கவிழ்ந்தது. அண்ணன் தம்பியைத் தண்ணீரிலிருந்து தூக்கினார். அண்ணன் பட்டினத்தில் தங்கினார். அவர் வழி நாங்கள். தம்பி வாவியின் வடக்கே பனிச்சங்கேணிக்குப் போனார். அவர் வழியில் வந்தவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். 'அந்தோனி தண்ணியில இருந்து தூக்கின பிலிப்பு' என்று கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும் கேட்டு வளர்ந்தோம். இரண்டு பக்கத்துக்கும் போக்குவரத்து உண்டு, ஆனால் கல்யாணம் மட்டும் இல்லை. அண்ணன் தம்பி பிள்ளைகள் எத்தனை தலைமுறை கழிந்தாலும் அண்ணன் தங்கச்சிதானே.

அந்த முறைக்குள் அகப்பட்டவள் என் அக்கா றெஜினா. படகு மோட்டார் திருத்தும் வேலை பழகப் பனிச்சங்கேணியிலிருந்து பட்டினத்துக்கு வந்த செபஸ்தியான், மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். இருவரும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். ஒருநாள் அவர் சாப்பிட்டுக்கொண்டே அதைச் சொல்லிவிட்டார். அப்பா கோபப்படவில்லை. "தங்கச்சியக் கட்டுவாங்களா, மகன்?" என்று மட்டும் கேட்டார். செபஸ்தியான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். பிறகு அவர் ஊரில் கல்யாணம் முடித்தார், பிள்ளைகளை வளர்த்தார், மனைவியையும் அடக்கம் செய்தார். அக்கா ஆசுபத்திரியில் தாதியாக வேலை பார்த்துத் தனியாகவே ஓய்வு பெற்றாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் செபஸ்தியான் மீனோடு வருவார். "வாங்க அண்ணன்" என்று அக்கா வாசல் படலையைத் திறப்பாள்.

இதையெல்லாம் என் நொண்டி நோர்வேஜிய மொழியில் இங்ரிட்டுக்குச் சொல்ல முடியவில்லை. ஒருவர் மற்றவரைத் தண்ணீரிலிருந்து தூக்கினார் என்று மட்டும் சொன்னேன். "ஓ, ஃபாடர்!" என்றாள் அவள்.

'ஃபார்' என்றால் இங்கே அப்பா. "அப்பா இல்லை, அண்ணன்" என்றேன்.

அவள் மறுத்து, குழந்தையொன்றை ஏந்துவது போலக் கைகளைக் குவித்து, அதன் தலையில் தண்ணீர் வார்த்துக் காட்டினாள். 'ஃபாடர்' என்றால் ஞானத்தகப்பன். நான் தோணி என்று சொல்லித் துடுப்புப் போட்டுக் காட்டினேன். இரண்டு பேரும் சிரித்தோம். பாவம், பிழையாக விளங்கிக்கொண்டாள் என்று நினைத்தபடி மழையில் நடந்தேன். வீட்டு வாசலில் குடையை மடக்கும்போதுதான் கை அப்படியே நின்றது. ஞானஸ்நானத் தொட்டியிலிருந்து பிள்ளையைத் தூக்கி ஏந்துகிறவர் ஞானத்தகப்பன்தானே?

ஆவணி விடுமுறையில் ஊருக்குப் போனேன். பட்டினத்துக் கோயிலில் இளம் பாதிரியார் ஒருவர் பொறுமையாகப் பழைய பதிவுகளைத் தேடி வாசித்துச் சொன்னார். பிலிப்பு வளர்ந்த ஆளாக ஞானஸ்நானம் பெற்றவர். பனிச்சங்கேணி மீனவர் ஒருவரின் மகன். ஞானத்தகப்பன், கொச்சியிலிருந்து வந்த அந்தோனி. நான் வெளியே வந்து வாவிக்கரையில் நெடுநேரம் நின்றேன். என் மனதில் இத்தனை காலமும் கவிழ்ந்து கிடந்த தோணி மெல்ல நிமிர்ந்து மிதந்தது. அதில் ஒரே ஒரு மனிதர்தான் இருந்தார். கடல் கடந்து வந்தவர் அவர் மட்டுமே. மற்றவர் இந்தக் கரையிலேயே பிறந்து, வந்தவருக்கு உறவாக நின்றவர்.

குசினியில் அக்கா இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பிலிப்பர் அந்தோனிட தம்பி இல்ல. ஞானப்பிள்ளை. நமக்கும் அவங்களுக்கும் ரத்த உறவு ஒண்டும் இல்ல."

"ஆர் சொன்ன?"

"கோயில் பதிவில இருக்கு."

அவள் கை நிற்கவில்லை. "அப்ப செபஸ்தியான் அண்ணன்?"

"அண்ணன் இல்ல, அக்கா."

ஓர் இறாலை உரித்து முடித்தாள். "அப்பா அப்பிடிச் சொன்ன நேரம் நான் எவ்வளவு அழுதன். பிறகு அண்ணன், அண்ணன் எண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டு, இந்த வாயாலதான் அவர அண்ணனாக்கினன். அந்தச் சொல்லு இருக்கிறதாலதான் அவர் இந்த வீட்டுக்குள்ள வந்து போறார். ஊரும் ஒண்டும் பேசல்ல. அதையும் நீ எடுத்துப்போட்டா எனக்கு ஆர் இருக்கா?"

"அவருக்குச் சொல்லாம விடட்டா?"

"உனக்கென்ன, நீ பிளேன் ஏறிப் போயிருவாய். நான்தானே இஞ்ச இருக்கிற."

அந்த ஞாயிறும் அவர் வந்தார். அக்கா "வாங்க அண்ணன்" என்றாள். அவர் மீன் பையை நீட்ட, அவள் வாங்கினாள். மேசையில் மூவரும் சாப்பிட்டோம். ஒரு காலத்தில் பாதியில் எழுந்துபோன மனிதர் இப்போது தட்டை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் பிறந்த நான்தான் அங்கே விருந்தாளி போலிருந்தேன். ஒன்றும் சொல்லாமல் விமானம் ஏறினேன்.

மாரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே மத்தியானம் கடந்திருந்தது. மழையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் சொல்லிக்கொண்டிருந்தவள் பேச்சை நிறுத்தினாள். படலை திறக்கும் சத்தம் கேட்டது.

"ஆரக்கா வந்த?"

"செபஸ்தியான் வந்திருக்கார்" என்றாள். அந்தப் பெயரைத் தனியாக அவள் சொல்லி நான் கேட்டதேயில்லை. "அவருக்குச் சொல்லிற்றன். நானேதான் சொன்ன."

"என்ன சொன்னார்?"

"நெடுகச் சிரிச்சார். கொஞ்சம் இரு, சோறு போட்டிற்று வாறன்."

தொலைபேசியை மேசையில் வைத்தாள். நாற்காலி இழுபட்டது. தட்டுச் சத்தம். எங்கோ ஒரு காகம். "பாத்துச் சாப்பிடுங்க, முள்ளுக் கிடக்கு" என்று அக்காவின் குரல். அவர் ஏதோ சொல்ல அவள் சிரித்தாள். பிறகு இருவரும் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார்கள். என்னை மறந்துவிட்டார்கள். நான் அழைப்பைத் துண்டிக்கவில்லை. ஒரு கன்னத்தைக் குளிர்ந்த சன்னல் கண்ணாடியில் சாய்த்து, பியோர்டின் கரிய கடல்நீரில் பனி விழுந்து கரைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மற்றக் காதோடு சூடேறிப்போன தொலைபேசிக்குள், மட்டக்களப்பில், இரண்டு பேர் ஆறுதலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.