குளிர்ந்த சாற்றுக்காக ஒரு பொய்

முதலில் காட்டிக்கொடுத்தது மிளகாய்தான். எழுபதுகளில் ஒரு மாசி மாதம், போடியில் எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். இடது கன்னத்தின் உட்புறம் குழம்பு பட்டதும் உயிர் போயிற்று. கண்ணாடியில் பார்த்தால் வெள்ளையாக ஒரு திட்டு. ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலையில் இருபது வருடம் அதே கன்னத்தில் புகையிலை ஒதுக்கியவள் நான்.

மதுரையில் சதை எடுத்துச் சோதித்தார்கள். புற்று. கரண்டு வைத்தார்கள் (கதிர்வீச்சு சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்). பாதியிலேயே வாய் வெந்துவிட்டது. புண் ஆறட்டும் என்று இரண்டு வாரம் வீட்டுக்கு அனுப்பினார் டாக்டரம்மா.

"காரமும் சூடும் வேண்டாம். காய்கறியை வேகவச்சு வடிகட்டி, நல்லா குளிர வச்சுக் குடிங்க. எடை இன்னும் குறைஞ்சா மிச்சக் கரண்டை வைக்க முடியாது" என்றார். வைக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

இதே வாயோடு வீட்டில் கிடப்பவர்களுக்குச் சொல்கிறேன். சுரைக்காய், வெள்ளைப்பூசணி, ஒரு கேரட். குழைய வேகவைத்து, மசித்து, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். உப்பு ஒரு சிட்டிகை. மண்கலயத்தில் ஊற்றி, ஈரத்துணி சுற்றி, தண்ணீர்ப் பானைக்கு அடியில் இருக்கும் ஈரமணலில் புதைத்துவிடுங்கள். காலையில் வைத்தால் மதியம் சில்லென்று இருக்கும்.

நான் வைத்தேன். மதியம் என் கைக்கு வந்ததோ ஆவி பறக்கும் மிளகுச்சாறு. கலயத்தை எடுத்துச் சுடவைத்திருந்தார் மாமியார்.

"டாக்டருமாரு ஆயிரம் சொல்லுவாக. சீக்கு ஒடம்புக்குக் குளுமை ஆகுமாத்தா? ஜன்னி கண்டுரும்."

"ஆத்தா சொல்றதக் கேளு" என்றார் என் கணவர், சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே.

நான்கு நாள் இதே கூத்து. வளையல் முழங்கை வரை ஏறிற்று. ஐந்தாம் நாள் டம்ளரைச் சுவரில் வீசினேன். அந்தச் சத்தத்துக்கு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரி என் கழுத்தைப் பார்த்தாள். கரண்டு பட்டுக் கறுத்த தோல். அதற்குக் கீழே சித்திரை வெயிலுக்கு வந்த வேர்க்குரு.

"என்னத்தா, முத்துப் போட்டிருக்கு? அம்மை வந்திருக்காளோ?"

என்னால் பேச முடியாது. ஆமாம் என்று தலையாட்டினேன்.

அவ்வளவுதான். வாசலில் வேப்பிலை ஏறியது. அடுப்படியில் தாளிப்பு நின்றது. மிளகாயும் மிளகும் பரணுக்குப் போயின. ஆளாளுக்கு யோசனை சொல்ல வந்த உறவினர்கள் தெருவோடு திரும்பினார்கள். மாமியாரே அதே கலயத்தை மணலில் புதைத்து எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"குடி தாயே. குளுந்து போ."

குடித்தேன். தொண்டை வரைக்கும் குளிர்ந்தது. கண்ணீர் வந்தது; நன்றியால் இல்லை, ஆத்திரத்தால். மருமகள் கேட்டால் ஜன்னி வரும். சாமி கேட்டால் வராது.

எடை மேலும் குறையாமல் மதுரைக்குத் திரும்பினேன். மிச்சக் கரண்டும் வைத்தார்கள். பிழைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் உண்மையைச் சொன்னேன். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "கோயிலுக்குப் போயி மன்னிப்புக் கேளு" என்றார்.

"மொதல்ல நீங்க எங்கிட்டக் கேளுங்க" என்றேன். கடைசிவரை அவர் கேட்கவில்லை.

அந்தக் கரண்டு வைத்ததிலிருந்து என் வாயில் எச்சில் ஊறுவதில்லை; இப்போதும் குளிர்ந்த சாறுதான் இறங்கும். என் நாளுக்குக் காலையும் மாலையும் கிடையாது; கலயம் குளிர்வதற்கு முன், குளிர்ந்த பின், அவ்வளவே. மணலைத் தோண்டி நானேதான் எடுப்பேன். வேறு யாரையும் அதைத் தொட விடுவதில்லை.