ஓடையில் யாருக்கு எந்த இடம்

என் மகள் மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்வது அந்த இடம் பிடித்திருப்பதாலா, வீட்டில் வேறு இடம் அவளுக்கு மிஞ்சாததாலா? இந்தக் கேள்விக்கு இன்று வரை என்னிடம் பதில் இல்லை. பதில் தெரியாமலே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீடு கிரிவலப் பாதையில் இருக்கிறது. மாடி அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். கீழே மாமியார், கணவரின் அண்ணன் குடும்பம், நாங்கள் மூன்று பேர். கூடத்தை ஒட்டிய பெரிய அறை அண்ணன் குடும்பத்துக்கு, சமையலறைக்குப் பின்னால் உள்ள அறை எங்களுக்கு. யாரும் உட்கார்ந்து பேசிப் பிரித்ததில்லை. நான் கல்யாணமாகி வந்தபோதே அப்படித்தான் இருந்தது. ஓரகத்தியை அக்கா என்று கூப்பிடுவேன். அவருடைய மகளுக்கு எட்டு வயது, என் மகளுக்கு நாலு. கூடத்து ஊஞ்சல் பெரியவளுக்கு. சின்னவள் படிக்கு அடியில், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே, துணி கிளிப்புகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு தனக்குள் பேசிக்கொண்டிருப்பாள்.

"அதுக்கு அங்கதான் புடிக்கும். தொந்தரவே இல்லாத புள்ள" என்பார் மாமியார்.

என்னைப் பற்றியும் உறவினர்களிடம் இதையேதான் சொல்வார். பாராட்டாகத்தான் சொல்கிறார்.

நான் விலங்கியலில் முதுகலை முடித்தவள். இப்போது வீட்டிலிருந்தே ஒரு வேலை செய்கிறேன். குளிர் நாடுகளின் சின்ன ஓடைகளில், தண்ணீருக்கு அடியில் எடுத்த வீடியோக்கள் எனக்கு வரும். அதில் தெரியும் ஒவ்வொரு மீனைச் சுற்றியும் கட்டம் வரைந்து, அது டிரவுட்டா சால்மனா என்று குறிக்க வேண்டும். அதை வைத்துக் கணினிக்கு மீன் அடையாளம் கற்றுக்கொடுப்பார்களாம். ஜன்னலுக்கு வெளியே வெயில் கொளுத்தும். நான் கட்டிலில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு பனி உருகிய தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"என்னம்மா, இன்னிக்கு ஜாஸ்தியா மாட்டுச்சா? குழம்புக்குப் புளி கரைக்கட்டுமா?" அக்கா கதவருகே நின்று தினமும் கேட்பார்.

"பௌர்ணமி வருது, இந்த வீட்ல மீன் பேச்சே கூடாது" என்று கூடத்திலிருந்து மாமியார் குரல் கொடுப்பார்.

அந்த ஓடைகள் ஒரு ஆள் தாண்டிவிடக்கூடிய அகலம்தான். அதற்குள் இரண்டு வகை மீன்களின் குஞ்சுகளும் வளர்கின்றன. டிரவுட் ஆழமான மடுவில், கரையோர வேருக்கு அடியில் நிற்கும். ஓட்டம் இரையைக் கொண்டுவந்து தரும், அது அதிகம் அலைய வேண்டாம். சால்மன் குஞ்சுகள் ஆழம் கம்மியான வேக ஓட்டத்தில், அகலமான மார்புத் துடுப்புகளைச் சரளைக்கல்லில் விரித்து ஊன்றிக்கொண்டு கிடக்கும். இப்படி இடத்தைப் பங்கிட்டுக்கொண்டு சேர்ந்து வாழ்கின்றன என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பங்கீடு எப்படி நடக்கிறது என்பதை வீடியோவில்தான் பார்த்தேன். ஒரு சால்மன் மடுவுக்குள் வரும். டிரவுட் முதுகுத் துடுப்பை விறைத்துக்கொண்டு கிட்டே வரும். கடிக்கக்கூட வேண்டாம், சால்மன் நகர்ந்துவிடும். அடுத்த முறை டிரவுட் திரும்பும்போதே நகர்ந்துவிடும்.

ஒருநாள் நான் குறித்த வீடியோ ஒன்று திருத்தச் சொல்லித் திரும்பி வந்தது. மடுவில் இருந்த மீன்களுக்கெல்லாம் டிரவுட் என்று போட்டிருந்தேன். அந்த ஓடையில் டிரவுட்டே கிடையாது, எல்லாம் சால்மன், இடத்தை வைத்து முடிவு செய்யாமல் உடம்பைப் பார்க்கவும் என்று குறிப்பு இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். டிரவுட்டுக்கு வாய் கண்ணைத் தாண்டிப் போகும், இவற்றுக்குக் கண்ணுக்கு நேராகவே முடிந்திருந்தது. டிரவுட் இல்லாத ஓடையில் சால்மன்கள் மடுவிலும் பரவி, அது தங்கள் இடம் போலவே நின்றுகொண்டிருந்தன.

திருத்தி அனுப்பிவிட்டேன். ஆனால் அன்றிலிருந்துதான் படிக்கு அடியில் இருப்பவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்வி வர ஆரம்பித்தது.

பள்ளி லீவு விட்டதும் அக்கா தன் மகளோடு கீழ்பென்னாத்தூரில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனார். இப்போது ஊஞ்சல் காலியாக இருந்தது. நான் மீனைப் பார்ப்பதுபோல் என் மகளைப் பார்த்தேன். முதல் சில நாட்கள் அவள் படிக்கு அடியிலேயே இருந்தாள். பார்த்தாயா, பிடித்துத்தான் இருக்கிறாள், நீதான் கற்பனை செய்கிறாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். பிறகு ஒரு காலை, பல் தேய்த்த வாயோடு கூடத்துக்குப் போய், ஊஞ்சலில் கிளிப்புகளைக் கொட்டி, காலை உதைத்து ஆடிக்கொண்டே கத்திப் பாடினாள்.

"அடியம்மா, இதுக்கு இவ்ளோ தொண்டை இருக்குதா?" மாமியார் சிரித்தார். "டிவி கேக்கலடி, கொஞ்சம் கம்மி பண்ணு."

"மாட்டேன் போ ஆயா" என்றாள் என் மகள்.

அவள் யாரிடமும் மாட்டேன் என்று சொல்லி நான் கேட்டதில்லை. சமையலறையில் நின்றபடி எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று இரவு எங்கள் அறைக்குள் வந்த பிறகு கணவரிடம் இதைச் சொன்னேன். அவர் உடனே, "தனியா போயிடலாம். எங்க கடைக்குப் பின்னாடி தெருவுல ஒரு போர்ஷன் காலியா இருக்குது. வைகாசிக்குள்ள பால் காய்ச்சிடலாம், ஆனி வந்துட்டா நம்ம வீட்ல விடமாட்டாங்க" என்றார்.

"அக்கா என்ன நினைப்பாங்க?"

"நீ என்ன நினைக்கிற? அதைச் சொல்லு முதல்ல."

அக்கா கெட்டவர் இல்லை. நான் பிரசவத்துக்குப் பிறகு எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது என் மகளைக் குளிப்பாட்டியது அவர்தான். பெரியவளும் முரட்டுப் பிள்ளை இல்லை, யாரையும் அடிக்க மாட்டாள். ஊஞ்சலில் உட்கார்வாள், அவ்வளவுதான்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் இருவரும் திரும்பி வந்தார்கள். வாசலில் ஆட்டோ நின்ற சத்தம்தான் கேட்டது, யாரும் இன்னும் உள்ளே வரவில்லை. என் மகள் ஊஞ்சலிலிருந்து இறங்கி, கிளிப்புகளைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு படிக்கு அடியில் போய்விட்டாள். முடிவு செய்துவிட்டேன், போய்விடலாம் என்று.

பெரியவள் பையைப் போட்டுவிட்டு நேராக ஊஞ்சலுக்குப் போகவில்லை. "பாப்பா எங்க?" என்று கழற்றாத செருப்போடே தேடிக்கொண்டு போய், குனிந்து படிக்கு அடியில் நுழைந்தாள். "தள்ளி உக்காருடி, எனக்கும் எடம் குடு."

"இது என் வீடு. செருப்பை வெளிய உடு" என்றாள் என் மகள்.

பெரியவள் உண்மையாகவே செருப்பைக் கழற்றி வெளியே வைத்தாள். உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. லீவு முழுக்க ஊஞ்சலில் ஆடியபோதுகூட என் மகள் அப்படிச் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். பெரியவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். என் மகள் இடம் போதாமல் வெளியே வந்து, செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கிளிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் பௌர்ணமி. வாசலைத் திறந்தால் ஜனம் கால்வைக்க இடமில்லாமல் நகர்ந்துகொண்டிருந்தது. கிரிவலத்துக்கு வந்த உறவினர்கள் கூடத்தை நிறைத்துவிட்டார்கள். எங்கள் அறையில் அவர்களுடைய பைகள். கடையிலிருந்து கணவர் போனில் கூப்பிட்டார். அந்தப் போர்ஷனின் சொந்தக்காரர் வைகாசி முடியும் வரைதான் காத்திருப்பாராம். பேசத் தனியிடம் தேடி, கடைசியில் நானும் படிக்கு அடியில்தான் போய் நின்றேன். அங்கே வாஷிங் மெஷின் மோட்டாரின் சூடு, சோப்பு வாசனை. வெளியே இரைச்சலாக இருந்தாலும் உள்ளே அது பாதியாகத்தான் கேட்டது. எனக்கு அந்த இடம் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்பதே எனக்குப் பயமாகவும் இருந்தது.

சால்மனின் அகலமான துடுப்பு வேக ஓட்டத்துக்குப் பொருத்தமானது, அதை யாரும் ஒடுக்கப்பட்ட மீன் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் மடு காலியானால் அது மடுவுக்கும் வருகிறது. அதற்கு எது சந்தோஷம் என்று எந்த வீடியோவிலும் தெரியவில்லை. தனி வீட்டில் ஊஞ்சல் இருக்கும், தள்ளி உட்காரு என்று சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள்.

இதைப் படிப்பவர்களில் கூட்டுக் குடும்பத்தில் சின்னவர்களாக வளர்ந்தவர்கள் இருப்பீர்கள். நீங்கள் எனக்கு எழுதுங்கள். போ, இரு என்று சொல்ல வேண்டாம், அதைச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்களுக்கென்று வீட்டில் ஒரு மூலை இருந்திருக்கும். அதை நீங்களாகவே தேர்ந்தெடுத்தீர்களா? இல்லையென்றால், உங்கள் அம்மா எதைக் கவனித்திருந்தால் அது அவருக்குத் தெரிந்திருக்கும்? அதை மட்டும் சொல்லுங்கள். வைகாசி முடிவதற்குள் சொன்னால் நல்லது.