கல்சோம் மேடையில் வெட்டச் சொன்ன குழி

கல்சோமின் அம்மா புடு விற்றவள். நெத்திலியை உப்பில் ஊறப்போட்டு இறக்குகிற அந்தக் கறுத்த சாறு இல்லாமல் மலேசியாவின் கிளந்தானில் ஒருத்தருக்கும் சோறு இறங்காது. அம்மாவின் தங்கை மெக் யாவும் புடுதான் விற்றாள். மெக் யாவின் நாத்தனார் சந்தை முனையில் கருவாடு போட்டாள். அந்த வம்சத்தில் பெண்ணாய்ப் பிறந்தவள் எவளும் ஆற்றங்கரைச் சந்தையில் மரமேடை ஏறாமல் இருந்ததில்லை. சாமான் குவியலுக்கு நடுவே கால்களை ஒருபக்கமாக மடக்கிப் போட்டு உட்கார்ந்து, வருகிறவனைக் குனிந்து பார்த்துத்தான் பேசுவார்கள். நிற்பது வாங்குகிறவன் வேலை. வீட்டு ஆண்களுக்குக் காப்பிக் கடையும் வளர்க்கிற மணிப்புறாவைப் பற்றிய பேச்சும் போதும்.

இடுப்பு தேய்ந்துபோய் கல்சோமுக்குச் செயற்கை மூட்டு வைத்தபோது டாக்டர் சொல்லித்தான் அனுப்பினார். காலை மடக்காதே, தாழ உட்காராதே, குதிக்காதே. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தாள். வலி போனதும் எல்லாவற்றையும் செய்தாள். சில வருஷம் ஒன்றும் ஆகவில்லை. ஆகாததால், அந்தப் புத்திமதியெல்லாம் நாற்காலி வீட்டுக்காரர்களுக்கு, சந்தைக்காரிகளுக்கு இல்லை என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள்.

ஒருநாள் மதியத் தொழுகைக்கு பாங்கு சொன்னார்கள். கல்சோம் சாரத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு வழக்கம்போல மேடையிலிருந்து குதித்தாள். கீழே அவள் புட்டியிலிருந்தே சிந்திய புடு. கால் வழுக்கியது. தொடைக்குள் காய்ந்த மூங்கில் முறிகிற மாதிரி ஒரு சத்தம். கல்சோமை அக்கா முறையில் கக் என்று கூப்பிடுகிற பக்கத்து மேடை எஸா ஓடிவந்து அவள் தலையை மடியில் தாங்கினாள்.

"கக் சோம், கண்ணை மூடாதீங்க! ஏதாவது பேசுங்க!"

"பேசறேன்டி. உன் பொட்டலம் என் பலகை மேல இருக்கு. எடு முதல்ல."

எஸா மசாலா இறைச்சித் தூள் விற்கிறவள். கல்சோம் ஒருநாள் வராவிட்டால் எஸாவின் பொட்டலங்கள் அவள் பக்கம் ஒரு பலகை நகர்ந்துவிடும். ஊரறிந்த விஷயம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நோராய்னி, சின்ன வயசுப் பெண், பெரியம்மா முறை வைத்து மக்சிக் என்று கூப்பிட்டபடி எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துக் காட்டினாள். "மக்சிக், பழைய மூட்டோட தண்டு எலும்புக்குள்ள இறங்கியிருக்கு பாருங்க. அதைச் சுத்தித்தான் எலும்பு பிளந்திருக்கு. தண்டும் ஆடுது. அதை உருவிட்டு, முறிவைத் தாண்டிப் போற மாதிரி நீளமா ஒண்ணு இறக்கணும். பிளந்த எலும்பை உலோகக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டணும். முதல் தடவை மாதிரி சுலபம் இல்ல."

கல்சோமின் ஒரே மகன் ஹஸ்னான், அம்மாவை மோக் என்றுதான் கூப்பிடுவான். அவன் வேறொரு யோசனையோடு வந்திருந்தான். அவன் மாமனார் ஊரில் எலும்பு கட்டுகிற ஒரு கிழவர் இருக்கிறார். எண்ணெய் தடவி மூங்கில் பத்தை வைத்துக் கட்டுவார். சின்ன வயசில் ஹஸ்னானின் மணிக்கட்டைச் சரியாக்கியவர் அவர்தான்.

"மோக், கார் வெளிய நிக்குது. எங்க பொறுப்புல கூட்டிட்டுப் போறோம்னு கையெழுத்துப் போட்டா விட்டுடுவாங்க. இந்த வயசுல மறுபடியும் கத்தியா?"

"டேய், உன் கைக்குள்ள எலும்பு இருந்துச்சு. அவரு ஒட்டவெச்சாரு. என் தொடைக்குள்ள இரும்பு இருக்கு. இரும்பை எண்ணெய் தடவி ஒட்டவைப்பாரா?"

"ஆபரேஷன் பண்ணினாலும் நீங்க மேடை ஏறப் போறதில்ல. அப்புறம் எதுக்கு இந்தப் பாடு? வீட்டுல படுத்து எழுந்து..."

"யாரு சொன்னா ஏறப் போறதில்லைன்னு?"

ஹஸ்னான் கார்ச் சாவியை உருட்டிக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினான். திரும்பிய விதத்திலேயே கல்சோமுக்கு விளங்கிவிட்டது.

"எஸாகிட்ட பேசிட்டியா?"

"பேசினேன். இடம் சும்மா கிடந்தா யாருக்கோ போயிடும். நோன்புக்கு முன்னாடி அவங்களே எடுத்துக்கிட்டா..."

அந்தச் சந்தையில் ஒரு வழக்கம் உண்டு. ரமலான் நோன்பு பிறக்கிற அன்றைக்கு மேடையில் எவள் உட்கார்ந்திருக்கிறாளோ, அந்த வருஷம் இடம் அவளுடையது. நோய், பிரசவம் என்று எந்தச் சாக்கும் செல்லாது. கல்சோமின் அம்மாவே காய்ச்சலோடு போய் உட்கார்ந்து, வாடிக்கையாளர் முன்னாலேயே வாந்தி எடுத்து, இடத்தைக் காப்பாற்றினவள்.

"டாக்டர் பொண்ணைக் கூப்பிடு. இன்னிக்கே வெட்டச் சொல்லு," என்றாள் கல்சோம்.

அன்றைக்கே முடியவில்லை. ரத்தம் சேகரித்து, நீளத் தண்டு வரவழைத்து, இரண்டு நாள் கழித்துத்தான் வெட்டினார்கள். விடிந்தபோது தொடை நெடுகத் தையல். அடுத்து வந்ததுதான் பெரிய பாடு. சக்கரமில்லாத நடைச்சட்டத்தைப் பிடித்து எழுந்து நிற்கவேண்டும், ஆனால் அந்தக் காலில் பாரம் போடக் கூடாது. பாதம் தரையைத் தொடலாம், அழுத்தக் கூடாது.

"முட்டை மேல கால் வைக்கிற மாதிரி வைங்க, மக்சிக்," என்றான் பயிற்சி கொடுக்கிற பையன்.

"முட்டைக்கு என்னை விடப் பயம் கம்மி," என்றாள். வேர்வை முக்காட்டுக்குள் வழிந்தது. படுக்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். அழுது முடித்து மறுபடி எழுந்தாள். அவன் நடக்கச் சொன்னதைவிட ஒரு தரம் கூடவே நடந்தாள், அவன் திட்டும் வரை.

எஸா விரால் மீன் சூப்பு கொண்டுவந்தாள். அறுத்த புண் ஆற விராலை விட்டால் வேறில்லை. கல்சோம் சொட்டு விடாமல் குடித்துவிட்டுப் பாத்திரத்தை நீட்டினாள்.

"ருசி. எத்தனை பலகை நகர்ந்தே?"

"ஐயோ கக், உங்க இடத்தைப் பாத்துக்கிறேன்!"

"பாத்துக்கோ. தொடாதே."

எலும்பு கூடுகிறதா என்று பார்க்கப் போன அன்றைக்கு டாக்டர் நோராய்னி சிரித்தாள். முறிந்த இடத்தைச் சுற்றிப் புகை மாதிரி வெள்ளை படிந்திருந்தது. கூடுகிறது. கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் போடலாம். "ஆனா மேடை வேண்டாம், மக்சிக்."

"ஏறக் கூடாதா, மடக்கக் கூடாதா? ஒண்ணைச் சொல்லு, மகளே."

டாக்டர் யோசித்தாள். "மடக்கக் கூடாது. இடுப்பு முட்டிக்குக் கீழ போகக் கூடாது. குதிக்கவே கூடாது. படியில பிடிச்சு ஏறினா... அது பரவாயில்ல."

"அவ்வளவுதானே," என்றாள் கல்சோம். போன தடவை மாதிரி தலையை ஆட்டவில்லை. ஒவ்வொன்றையும் வாயால் திருப்பிச் சொல்லிக் காட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் தெராமானுக்குப் போன் போட்டாள். தெராமான் ஹஸ்னானின் அப்பா. பாசிர் மாஸ் பக்கம் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டு போனவர். தச்சு வேலைக்காரர். மகன் கல்யாணத்தில்கூடக் கல்சோம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"நான்தான். ரம்பம் இருக்கா?"

"எதை அறுக்கணும், சோம்?"

"பயப்படாத, உன்னை இல்ல. என் மேடைப் பலகையில நடுவுல ஒரு குழி வெட்டு. காலைத் தொங்கப்போட்டு உட்கார உயரமா ஒரு ஆசனம், பிடிக்கக் கைப்பிடி, பின்னால அகலமாப் படி. குவியலுக்கு மேல என் தலை மத்தவளுங்க தலை உயரத்துக்கு இருக்கணும். ஒரு அங்குலம் குறைஞ்சாலும் உன்னைச் சும்மா விடமாட்டேன்."

"முன்னாடியும் சும்மா விடலையே நீ," என்றார் தெராமான். ஆனால் ரம்பத்தோடு வந்தார்.

நோன்பு பிறந்த காலை. ஹஸ்னான் காரில் கொண்டுவந்து இறக்கினான், முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு. கல்சோம் கைத்தடியோடு சந்தைக்குள் நடந்தாள். கால் சற்றே இழுத்தது. நல்ல காலை முதலில் வைத்து, கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக ஏறினாள். ஹஸ்னான் பின்னாலிருந்து கையை நீட்டினான்.

"தொடாதே. எடுத்துக்கொடு, புட்டியை."

குழிக்குள் கால் இறங்கியது. உட்கார்ந்தாள். புடுப் புட்டிகளுக்கு மேலே அவள் முகம், எல்லார் முகத்தோடும் ஒரே உயரத்தில். கைத்தடியை நீட்டி, தன் பக்கம் வந்திருந்த எஸாவின் பொட்டலங்களை ஒவ்வொன்றாக எல்லைக்கு அப்பால் தள்ளினாள். எஸாவின் பார்வை குழியின் மேலேயே இருந்தது.

மதிய பாங்கு சொன்னதும் எஸா மேடையிலிருந்து குதிக்கவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். தொழுதுவிட்டுத் திரும்பி வந்தவள் குரலைத் தாழ்த்தினாள்.

"கக், உங்க மாஜிப் புருஷன் எனக்கும் ஒரு குழி வெட்டித் தருவாரா? என் முட்டி ரெண்டும் போச்சு."

"தருவாரு. கேளு," என்றாள் கல்சோம். "உன் பலகையில வெட்டிக்கோ. என் பக்கம் மரத்தூள்கூட விழக் கூடாது."