டோரீன் பில்பீமின் பல் செட்டு

டோரீன் பில்பீமுக்கு மைக்கைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிட்டது.

பதினோரு வருடமாக லண்டன் ஒலிப்பதிவுக் கூடங்களில் கோரஸ் பாடுகிறவள் அவள். பெரிய பாடகர் முன்னால் நின்று காதலில் உருகுவார். பின்னால் மூன்று பெண்கள் ஒரே மைக்கைச் சுற்றி நின்று ஊ என்றும் ஆ என்றும் இழுப்பார்கள். அந்த மூவரில் இடது ஓரம் டோரீன். வயது நாற்பது. தட்டையான செருப்பு, கைப்பையில் பெப்பர்மின்ட் டப்பா, வேலை முடிந்ததும் பால்ஹாமில் இருக்கிற வீட்டுக்கு பஸ். அவள் குரல் வாராவாரம் ரேடியோவில் வரும், பேர் ஒரு தடவைகூட வந்ததில்லை. அதற்காக அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காரவும் இல்லை. அட, ஊ-ஆவுக்கு எவன் பேர் போடுவான்?

அந்தச் செவ்வாய்க்கிழமை அவளை மட்டும் தனியாகக் கூப்பிட்டிருந்தார்கள்.

“சும்மா ட்ராக்தான் டோரீன் டார்லிங்” என்றார் இசையமைப்பாளர் ஹார்க்னஸ். “லிண்டிப் பொண்ணு இதைக் கேட்டுக் கத்துக்குவா. அப்புறம் அவளே வந்து பாடிடுவா.”

லிண்டி மார்ஷ் என்றால் அந்த வருடம் பால்காரனுக்குக்கூடத் தெரியும். பத்தொன்பது வயது, கண்ணை மறைக்கிற முன்முடி, வெள்ளை பூட்ஸ். கடற்கரை விடுமுறை முகாமில் நடக்கிற சினிமாப் படம் ஒன்றில் கதாநாயகியாகப் போட்டிருந்தார்கள். அவளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்க ஒரு மாதிரி வேண்டும், சரி. ஆனால் ட்ராக் பாட மூலையில் கிடக்கிற பழைய மைக் போதுமே! ஒரு தடவை பாடிவிட்டு டீ குடிக்கப் போய்விடலாமே! இன்றைக்கு நட்சத்திரங்களுக்கென்று பெட்டிக்குள் பூட்டி வைக்கிற மைக்கை எடுத்து அவள் முன்னால் நிறுத்தியிருந்தார்கள்.

“பத்தொன்பது வயசுப் பொண்ணு மாதிரி பாடு. மூக்கு லேசா அடைச்சிருக்கணும்” என்றார் ஹார்க்னஸ். நாலு தடவை பாட வைத்தார். என்னவோ இருக்கிறது என்று டோரீனுக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது.

நாலாவது தடவையில் ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கினான். “டிக்குன்னு ஒரு சத்தம் வருது. மூணாவது வரியில.”

அவ்வளவுதான், ஆளாளுக்கு அடுத்தவனைச் சந்தேகப்பட்டார்கள். டோரீனின் கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள். பாசிமாலையைக் கழற்றச் சொன்னார்கள். குதிரைப் பந்தயப் பக்கம் படித்துக்கொண்டிருந்த டிரம்ஸ்காரனை வெளியே அனுப்பினார்கள். பியானோ முக்காலியைத் தட்டிப் பார்த்தார்கள். டோரீன் வாயையே திறக்கவில்லை.

ஏனென்றால் சத்தம் அந்த வாயிலிருந்துதான் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணின் பல்லையெல்லாம் பிடுங்கி, பல் செட்டு மாட்டி அனுப்புவது அவள் அப்பா காலத்துச் சீர். வரப்போகிற மாப்பிள்ளைக்குப் பல் வைத்தியச் செலவு மிச்சமாம், நல்ல நியாயம்! டோரீனுக்கும் அப்படித்தான் மாட்டிவிட்டார்கள். மூணாவது வரியில் மெட்டு சட்டென்று மேலே தாவும்போது வாய் அகலத் திறக்கும், மேல் செட்டு மயிரிழை எழும்பி மறுபடி உட்காரும். டிக். கோரஸில் பாடும்போது மற்ற இரண்டு குரலில் அது அமுங்கிவிடும். தனியாகப் பாடினால் எங்கே ஒளிப்பது? உயிரே போனாலும் அத்தனை ஆம்பிளைகள் முன்னால் அவள் சொல்லமாட்டாள்.

ஐந்தாவது தடவையிலும் டிக். “சுவத்துல போற வெந்நீர்க் குழாயா இருக்கும்” என்று முடிவு கட்டினார்கள். கூடத்தை அடுத்த குழுவுக்கு விட வேண்டியிருந்தது. “போதும், இதுவே இருக்கட்டும்” என்றார் ஹார்க்னஸ். பிறகு ஒரு தாளை நீட்டினார். இந்த வேலையைப் பற்றி உயிருள்ள எவரிடமும் பேசமாட்டேன் என்று எழுதியிருந்தது.

“ட்ராக்குக்கு எதுக்கு சார் பத்திரம்?”

“சம்பிரதாயம்தான் டார்லிங். போட்டுடு.”

போட்டாள். மாட்டேன் என்றால் அப்புறம் எந்தக் கூடத்திலிருந்தும் போன் வராது. ஆனால் பஸ்ஸில் போகும்போது விஷயம் முழுக்கப் புரிந்துவிட்டது. அந்தப் பெண் வந்து பாடப் போவதே இல்லை. பாவிகள்!

வீட்டில் புருஷன் வில்ஃப் இருந்தான். பஸ் டிக்கெட் பரிசோதகன். பன்னிரண்டு வருடம் அந்த உத்தியோகம் பார்த்தவனுக்கு எல்லா மூஞ்சியும் டிக்கெட் எடுக்காத மூஞ்சிதான்.

“இன்னிக்கு யாரு பாட்டு?”

“யாரோ. வழக்கமான ஊ-ஆதான்.”

“காதெல்லாம் செவந்து கெடக்கு. அரை டிக்கெட்ட வெச்சுக்கிட்டு முழு தூரம் போறவன் மூஞ்சி மாதிரி இருக்கு உன் மூஞ்சி. எவன் டோர் அவன்?” டோரீனை அவன் டோர் என்றுதான் சுருக்குவான்.

“உனக்கு மூளை கழண்டு போச்சு. உருளைக்கிழங்கை எடு.”

அன்றிலிருந்து அவன் விடவில்லை. அவள் கோட்டின் காலரை முகர்ந்து பார்ப்பதும், போன் அடித்தால் முந்திப் போய் எடுப்பதுமாக அலைந்தான். டோரீனுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு முழுப் பாட்டைத் தனியாகப் பாடியிருக்கிறாள், கட்டினவனிடம் சொல்ல முடியவில்லை. பேர் வேண்டாம், படம் வேண்டாம். ஒரே ஒரு ஆளுக்காவது தெரிந்தால் போதும் என்று ஏங்கினாள். சொல்லக்கூடாது என்றுதான் தாளில் இருந்தது. அவனாகக் கண்டுபிடித்தால் அதற்கு யார் என்ன செய்ய முடியும்? ஊரில் இருக்கிற கள்ளனையெல்லாம் பிடிக்கிறவன், இதைப் பிடிக்கமாட்டானா?

வசந்தத்தில் படம் பால்ஹாமுக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவளே கூப்பிட்டாள்.

“சின்னப்புள்ளைங்க படத்துக்கு நீ எதுக்கு? அங்க எவனாவது வர்றானா?” என்று கேட்டுக்கொண்டே வில்ஃப் தொப்பியை மாட்டினான்.

எல்லோரையும் போல அவர்களும் பாதிப் படத்தில்தான் நுழைந்தார்கள். ஆட்டம் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும், நுழைந்த இடம் மறுபடி வந்ததும் எழுந்து போவதுதான் வழக்கம். வில்ஃப் அதில் கறார். டிக்கெட் எடுத்த தூரத்துக்கு மேல் ஓரடி போகமாட்டான்.

கதவைத் திறந்ததும் பாட்டு. திரையில் லிண்டி மார்ஷ் கடலோரத்தில் கையை விரித்துக்கொண்டு வாயசைத்தாள். மூணாவது வரி வந்தது. டிக். டோரீன் நடைபாதையிலேயே நின்றுவிட்டாள். சந்தேகப்பட்டது அத்தனையும் சரி. வில்ஃபைத் திரும்பிப் பார்த்தாள். அவன் டார்ச் அடித்த பெண்ணிடம், “தூணுக்குப் பின்னாடியா உக்கார வைக்கிற?” என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தான். சனியன்!

மிச்சப் படம் முடிந்தது. செய்திப் படம் வந்தது, துணைப் படம் வந்தது, ஐஸ்கிரீம் வந்தது. டோரீன் எதையும் பார்க்கவில்லை. படம் மறுபடி ஆரம்பித்து அந்தக் கடற்கரைக்கு வந்தது. முதல் வரி தொடங்கியதுமே வில்ஃப் தொப்பியோடு எழுந்துவிட்டான்.

“இங்கதான் நாம உள்ள வந்தோம். கெளம்பு.”

அவள் அசையவில்லை. “கால் மரத்துப் போச்சு. ஒரு நிமிஷம்.”

“யோவ் தொப்பி, உக்காருய்யா!” என்று பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். அவனுக்குப் பதில் கொடுக்க வில்ஃப் திரும்பினான். அப்போது மூணாவது வரி வந்தது.

டிக்.

வில்ஃபுக்குத் திறந்த வாய் திறந்தபடி நின்றது. மெல்லத் திரையைப் பார்த்தான், டோரீனைப் பார்த்தான். உட்கார்ந்தான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கேட்டான்.

“அந்தப் பொண்ணுக்கு என்ன வயசு?” என்றான்.

“பத்தொன்பதாம்.”

“பல்லு மட்டும் நம்ம கல்யாணத்துல வந்ததா இருக்கு.”

டோரீனுக்கு முகமெல்லாம் கண்ணீர். “நான் ஒரு வார்த்தை சொல்லல, வில்ஃப். நீயே பார்த்துக்க. நான் சொல்லவே இல்ல.”

“நீ எதுக்குச் சொல்லணும்? பதினெட்டு வருஷமா தினம் காலைல டோஸ்ட்டோட கேக்குறேன்.” கைக்குட்டையை எடுத்து அவளிடம் கொடுத்தான். அப்புறம் அவனுக்குக் கோபம் வந்தது. “டோர், அந்தப் புள்ள டிக்கெட் இல்லாம போறா.”

“கத்தாத. பேசமாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

அவர்களுக்கு நேர் முன்வரிசையில் இரண்டு பெண்கள் தோளோடு தோள் சாய்ந்துகொண்டிருந்தார்கள். “என்னா குரல்டி அவளுக்கு!” என்று ஒருத்தி பெருமூச்சு விட்டாள்.

“கையெழுத்து நீதான போட்ட?” என்றான் வில்ஃப். “நான் போடலையே.”

பன்னிரண்டு வருடமாகப் பயணிகளின் தோளைத் தட்டுகிற அதே இரண்டு விரலால் முன்னால் இருந்தவளின் தோளைத் தட்டினான். டோரீன் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். ஆனால் இழுக்கவில்லை.